‘வந்தேன்’ என்பதற்கு ஆப்ஷன் இல்லை

“…காலு வந்துச்சு, கையி வந்துச்சு, பொழுதன்னிக்கும் நின்னுகினு ஒயரு மாட்டிச்சு. ஆனா நான் மட்டும் வரலையாம்ண்ணா! அப்ப வந்தது யாரு, என் பேயா?”

ஸ்டெல்லா என் கடைக்குள் பாதி வாக்கியத்தில்தான் நுழைந்தாள். முதல் பாதியைத் தெருவிலேயே யாரிடமோ சொல்லி முடித்திருக்க வேண்டும்.

படப்பையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பது வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆதார் திருத்தம், பி.எஃப்., பட்டா… ஆன்லைனில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் வந்து சேரும் இடம். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தப்பான பட்டன்களை அழுத்தி அழுத்தி, சரியான பட்டன் எதுவென்று கண்டுபிடித்தவன் நான். அந்த வித்தை இப்போது பலிப்பதில்லை. போன வாரம் கண்டுபிடித்த பட்டன் இந்த வாரம் வேறு இடத்தில் இருக்கிறது!

ஸ்டெல்லாவுக்கு ஒரகடத்தில் வேலை. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் கம்பெனி. நான்கு வருடமாக கான்ட்ராக்ட். இழுத்து வாரிய தலை, பொட்டு வைக்காத நெற்றி, கையில் கூடை, அதில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அவள் பேச ஆரம்பித்தால், ஜெராக்ஸ் எடுத்து முடித்தவர்கள்கூடக் கிளம்பாமல் நிற்பார்கள்.

அன்றும் நின்றார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

போனை மேஜைமேல் வைத்தாள். திரையில் பதினொரு சிவப்பு வட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘வரவில்லை’.

“இந்தப் பதினோரு நாளும் வேலைக்குப் போனியா?”

“பின்ன? கம்பெனி பஸ்ஸுல ஏறி ஊரச் சுத்திப் பாத்துட்டு வந்தேனா?”

நான்கு வருடத்தில் முதல் முறையாக, பர்மனென்ட் வேலைக்கான இன்டர்வியூ பட்டியலில் அவள் பெயர் வர இருந்தது. அந்தப் பட்டியலை மனிதர்கள் எழுதுவதில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு சிஸ்டம் தானாகவே எடுத்துக்கொள்ளும். பதினொரு சிவப்பு வட்டம் உள்ளவளை எடுத்துக்கொள்ளுமா? கொள்ளாது. அவளுக்கு செகண்ட் ஷிப்டு. ஒன்றரைக்கு பஸ். ஷிப்டு தொடங்கிவிட்டால் இரவு வரை போன் லாக்கரில். அப்போது மணி பதினொன்றரை.

இரண்டு மணி நேரம்… தாராளம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

முன்பெல்லாம் கழுத்தில் தொங்கும் கார்டைக் காட்டினால் மெஷின் ‘பீப்’ என்னும். வந்தாச்சு. அவ்வளவுதான். இந்த மாதம் முதல் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மட்டும் ஆப். அந்த ஆப்பில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? இன்றைய சிந்தனை. எத்தனை அடி நடந்தீர்கள். தண்ணீர் குடித்தீர்களா. யாருக்கெல்லாம் பிறந்த நாள். கேன்டீன் சாம்பாரின் போட்டோ. எப்போதோ வந்துபோன பொங்கலுக்கு டைரக்டரின் வாழ்த்து. இத்தனையையும் தள்ளித் தள்ளிப் போனால், மூலையில் ‘வருகை’. தொட்டால் கேமரா திறக்கும். செல்ஃபி எடுத்தால்தான் வந்ததாக அர்த்தம். அதுவும் காம்பவுண்டுக்குள் நின்று எடுக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று எடுத்தால், ‘நீங்கள் பணியிடத்தில் இல்லை’ என்று சொல்லிவிடும்.

சரி, உள்ளே போய் எடுத்தால் போயிற்று?

அங்கேதான் ஸ்டிக்கர் வருகிறது. ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புது மாடல் பார்ட்ஸை யாரும் போட்டோ எடுத்துவிடக் கூடாதென்று, கேட்டிலேயே செக்யூரிட்டி உங்கள் போன் கேமராமேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு. வெளியே வந்த பிறகுதான் உரிக்கலாம். உள்ளே உரித்தால் வேலை காலி என்று அங்கேயே போர்டு. இத்தனை நாள் பின்கேமராவுக்கு மட்டும்தான் ஒட்டினார்கள். இந்த மாதம் முதல் முன்கேமராவுக்கும்.

ஆக, ஆப் சொல்கிறது — உள்ளே வந்து முகத்தைக் காட்டு. கேட் சொல்கிறது — உள்ளே வந்தால் முகத்தைக் காட்டாதே. கம்பெனியும் ஒன்றுதான். மாதமும் ஒன்றுதான்.

“மத்தவங்கல்லாம் என்ன பண்றாங்க?”

“நகத்தால ஓரத்த லேசா தூக்குறாளுங்க. கிளிக்கு. திருப்பி அமுக்கிடுறாளுங்க. எல்லாருக்கும் தெரியும். நான்தான் லூசு, போர்டுல போட்டுகீதேன்னு கம்முனு இருந்துட்டேன். சூப்பர்வைசர் சாரு, ‘நீ வேலைய பாரும்மா, ரிஜிஸ்டர்ல நான் எழுதிக்கிறேன்’னாரு. எழுதவும் எழுதினாரு. அத்த எவன் பாக்குறான்? அது பேப்பராச்சே!”

விதியை மீறியவர்கள் எல்லாரும் வந்தவர்கள். மீறாத ஒருத்தி வராதவள்.

“ஹெச்.ஆர்.ல கேட்டியா?”

“கேக்காமயா? அந்த மேடம் நல்லவங்கதான். மூஞ்சப் பாத்துதான் சொன்னாங்க. ‘ஸ்டெல்லா, தினம் உன்ன கேன்டீன்ல பாக்குறேன். நீ வந்தது எனக்குத் தெரியும்மா. ஆனா நீ ஆப்ல ரிக்வெஸ்ட் போட்டாதான் என் ஸ்க்ரீன்ல பட்டனே வரும்’ன்றாங்க. பட்டன் வரணுமாம்ண்ணா. நான் வந்தா பத்தாதாம்.”

மனிதர்கள் இப்படி ஏதாவது சொல்லிவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பில் புக்கின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

“எழுதுங்க, எழுதுங்க. உங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேட்டரு ஆச்சு. எனக்கு?”

பேனாவை மூடினேன்.

ஆப்பைத் திறந்தால் திறக்கவில்லை. புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம், ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். ஏற்றினால், போனில் இடம் இல்லையாம். சர்ச்சில் கிறிஸ்மஸுக்குப் பாடிய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். “இது போட்டும்… இதுவும் போட்டும்…” அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி ஒரு வழியாக ஏறியது. ‘புதிதாக என்ன?’ என்று பெருமையாக ஒரு அறிவிப்பு. புதிதாக என்ன தெரியுமா? திரையைக் கறுப்பாகவும் மாற்றிக்கொள்ளலாமாம்!

‘வருகைத் திருத்தம்’ எங்கே இருக்கிறது என்று தேடுவதில் இன்னொரு இருபது நிமிடம். ‘என் நலம்’ என்ற தலைப்புக்குக் கீழே, தண்ணீர் டம்ளர் படத்துக்கு அடுத்து இருந்தது. அங்கே ஏன் வைத்தார்கள்? வைத்தவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

திறந்தேன். ‘காரணத்தைத் தேர்வு செய்க’ — உடல்நலக் குறைவு. சொந்த வேலை. திருமணம். மகப்பேறு. இறப்பு.

“‘வந்தேன்’னு ஒண்ணு இல்லியா?”

மேலே தள்ளிப் பார்த்தேன். கீழே தள்ளிப் பார்த்தேன். ‘மற்றவை’கூட இல்லை.

அவளே விரலை வைத்து ‘இறப்பு’ என்பதைத் தொட்டாள். யார் என்று இன்னொரு பட்டியல் விரிந்தது. தந்தை, தாய், கணவர், குழந்தை.

“மொத ரெண்டு பேரு எப்பவோ போய்ட்டாங்க. மூணாவது ஆளு லோடு வண்டி ஓட்டிகினு கீறாரு, அவரு நல்லா இருக்கட்டும். இதுல ‘நான்’னு ஒண்ணு இருந்தா போட்ரலாம்ண்ணா. பதினோரு நாளா நான்தானே இல்ல?”

கடையில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. “உடம்பு சரியில்லைன்னு போட்டுடலாமா? சர்டிபிகேட்டுக்கு நம்ம டாக்டர்கிட்ட நான் சொல்றேன்…”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பர்மனென்ட் பண்றதுக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் கேப்பாங்கண்ணா. பதினோரு நாளு சீக்காளியா கெடந்தவள எவன் எடுப்பான்? அத்த விடுங்க. வந்தவ நானு. வரலைன்னு என் கையாலயே எழுதித் தரணுமா?”

எத்தனை பேரை நான் இப்படிக் கட்டத்துக்குத் தகுந்தாற்போல் நறுக்கிக் கொடுத்திருக்கிறேன்! இனிஷியல் மட்டும் உள்ளவர்களுக்கு அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கினேன். கதவு எண் இல்லாத வீடுகளுக்கு நானே ஒரு எண் போட்டேன் — காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பிறந்த தேதி தெரியாதவர்கள் பலரை ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்க வைத்தேன். உதவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஏற்றபடி கட்டத்தை மாற்ற வக்கில்லாதவர்களுக்காக, கட்டத்துக்கு ஏற்றபடி ஆட்களை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கவுன்டரில் உட்கார்ந்த கிளார்க்கிடம் நான் படாத பாடில்லை. எரிந்து விழுவார், ‘நாளைக்கு வா’ என்பார், சாப்பிடப் போய்விடுவார். ஆனால் அவருக்கு இரண்டு கண் இருந்தது. எதிரே நிற்பவள் எதிரேதான் நிற்கிறாள் என்பதையாவது ஒப்புக்கொள்வார். இந்தப் பட்டியலிடம் எந்தக் கண்ணைப் பார்த்துக் கெஞ்சுவது?

ஸ்டெல்லா கூடையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

“இது ஆவுமா பாருங்க.”

மூடி முழுக்க ஸ்டிக்கர்கள். வட்டம் வட்டமாக, நெருக்கமாக.

“வெளிய வந்ததும் உரிச்சு, பஸ்ஸுல முன்சீட்டு முதுகுல ஒட்டிட்டுப் போவாளுங்க. எங்க பஸ்ஸுல சீட்டுக்கெல்லாம் அம்மை போட்டா மாரி கீதுண்ணா. எனக்கு அது புடிக்காது. மூடில ஒட்டியாந்து, லீவு நாள்ல ஊறவெச்சுத் தேய்ச்சுடுவேன். இந்த மாசம் தேய்க்கல. ஒடம்பு வணங்கல.”

ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் பால்பாயின்ட் பேனாவில் தேதி. பக்கத்தில் கையெழுத்தாக ஒரு ‘ஏ’. எங்கள் எதிர்த் தெரு ஏகாம்பரம்! அந்த கேட்டில் பகல் டியூட்டி செக்யூரிட்டி அவர்தான். திரையை ஒரு கையிலும் மூடியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். ஒவ்வொரு சிவப்பு வட்டத்துக்கும் மூடியில் இரண்டு வட்டம். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அவள் வந்ததை மறைத்த ஸ்டிக்கர்தான், அவள் வந்ததற்குச் சாட்சி.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஏதாவது ஒரு காரணத்தைத் தொட்டால்தான் படம் சேர்க்கும் கட்டமே திறக்கும் என்பதால் ‘சொந்த வேலை’யைத் தொட்டு, கீழே குறிப்பில் ‘நான் வேலைக்கு வந்தேன். ஆதாரம் இணைப்பில்’ என்று அடித்தேன். மூடியை ஸ்கேனரில் வைத்தேன். மஞ்சள் மை தீர்ந்துவிட்டது, ஸ்கேன் செய்ய முடியாது என்றது மெஷின். ஸ்கேனுக்கு எதற்கையா மஞ்சள் மை?

போனில் படம் எடுத்துச் சேர்த்தேன். ‘கோப்பு பெரியது.’ சுருக்கினேன். ‘படம் தெளிவாக இல்லை.’ கொஞ்சம் பெரிதாக்கினேன். இந்த முறை ஏற்றுக்கொண்டதுபோல் சுற்றியது. சுற்றி முடித்துச் சொன்னது: ‘படத்தில் முகம் இல்லை.’

டிபன் பாக்ஸ் மூடியில் முகத்தைத் தேடுகிறது!

“தேடுதுல்ல? குடுத்துடுவோம்.” ஸ்டெல்லா மூடியைத் தூக்கித் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். “எடுங்கண்ணா.”

எடுத்தேன். ‘முகம் கண்டறியப்பட்டது’ — பச்சை டிக். கடையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் “அப்பாடா” என்றார்கள். ‘அனுப்பு’ பட்டனை அவளையே அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள்.

‘நீங்கள் பணியிடத்தில் இல்லை. கோரிக்கையைப் பணியிடத்திலிருந்து மட்டுமே, நேரடிப் படத்துடன் அனுப்ப முடியும்.’

பணியிடத்தில் ஸ்டிக்கர்.

மணி ஒன்றே கால். அவள் மூடியைத் துடைத்து, டிபன் பாக்ஸில் வைத்து அழுத்தி மூடினாள். “பரவால்ல வுடுங்கண்ணா, நீங்க இன்னா பண்ணுவீங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஒன்றரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

ஆறு மணிக்கு சிஸ்டம் பட்டியலை எடுத்துக்கொண்டது. ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. அந்த விஷயத்தில் அது ரொம்பக் கறார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, லிஸ்டில் ஸ்டெல்லா பெயர் இல்லை என்றார். ஜெராக்ஸை வாங்கிக்கொண்ட பிறகும் கிளம்பவில்லை.

“நேத்து அந்தப் பொண்ணு கேட்டாண்ட இன்னா பண்ணுச்சு தெரியுமா சார்?”

எப்போதும்போல் வரிசையில் வந்து போனை நீட்டியிருக்கிறாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இவரும் ஒட்டியிருக்கிறார். அவள் நகரவில்லை.

“இன்னும் ஒண்ணு குடுங்கண்ணா.”

“எதுக்கும்மா? உன் போன்ல ரெண்டுதானே கேமரா?”

“குடுங்க. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால், மேற்கொண்டு கேட்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதை வாங்கி, பொட்டு வைக்காத அந்த நெற்றியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டு, உள்ளே போனாள் ஸ்டெல்லா.