தசரதனுக்கு விட்ட இடம்

ஞானமேரி லேசில் பயப்படுகிற ஜாதி இல்லை. காவலூர் தாண்டி மலைமேல் ஒரு கல்லூரி கட்டியிருந்த சின்ன வானாய்வுக் கூடத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அங்கே சுழலும் கூரையைப் பராமரிப்பவன் அவள் புருஷன் பிலிப்ராஜ். மேலே சுவிட்சைப் போட்டுக் கூரையைச் சுற்றவிட்டு, சுவிட்ச் எட்டாத விளிம்பில் நின்று சக்கரங்களுக்குக் கிரீஸ் போடுவான். அவன் கை தூக்கியதும் கீழே கம்ப்யூட்டரில் ‘ஸ்டாப்’ என்று தட்டியாக வேண்டும். நிற்காவிட்டால், கூடவே சுற்றிவரும் இரும்புக் கை அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிடும்.

எண்பத்தேழு ஐப்பசியில், பட்டப்பகலிலேயே பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்த ஒரு நாள், உடன் வேலை பார்க்கும் வேடியப்பன் தான் திருத்திய ஸ்கிரிப்டை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைப் பட்டியலை, நீட்டினான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்பது அங்கே சட்டம்.

கம்ப்யூட்டரோடு இணைத்த ஒவ்வொரு சாதனத்துக்கும் வரிசையாக எண் போட்டு ஒரு கோப்பு உண்டாக்கும் ஸ்கிரிப்ட் அது. அந்தக் கோப்புக்குள் சரக்கு ஒன்றும் கிடையாது. ஒரு பெயர், ஓர் எண், அவ்வளவுதான். பெயர் மனுஷருக்கு, எண் இயந்திரத்துக்கு. எண் மாறினால் நம் வீட்டுத் தபால் பக்கத்து வீட்டில் விழும்.

மூன்றாம் எண், அவர்களோடு வேலை பார்த்த தசரதனுடைய டெர்மினல், அவருடைய திரையும் விசைப்பலகையும். மஞ்சள் காமாலையில் அவர் போய் மாதம்கூட ஆகவில்லை. காரியம் முடியும்வரை செத்தவர் இடத்தில் யாரும் உட்காரக்கூடாது என்பது வேடியப்பன் வீட்டு வழக்கம். அதனால் பக்கத்து அறையில் அவர் திரையைக்கூட யாரும் அணைக்கவில்லை. அந்த டெர்மினலுக்குள் எவரும் நுழையாதிருக்க, வேடியப்பன் ஸ்கிரிப்டில் அவர் பெயரை எடுத்துவிட்டான். எடுத்தவன் எண்ணையும் சேர்த்துத் தாண்டியிருக்க வேண்டாமா? அடுத்திருந்த கூரைக்கு நாலு போய் மூன்று விழுந்துவிட்டது.

நல்லவேளை, இன்னும் ஓட்டவில்லை என்று மூச்சு விட்டாள் ஞானமேரி. பிலிப்ராஜ் இனி மறுநாள்தான் ஏறப்போகிறான். எதற்கும் இருக்கட்டும் என்று கூரைக்கு ஒரு ‘ஸ்டாப்’ தட்டினாள்.

பக்கத்து அறையில் ‘கீச்’ என்றது.

போய்ப் பார்த்தாள். காலி நாற்காலி. தசரதன் திரையில் பச்சை எழுத்தில் ‘ஸ்டாப்’. அதற்கு மேல் இன்னொரு ‘ஸ்டாப்’. அவள் தட்டியது ஒன்றுதான்.

“இன்னா வேடியப்பா, இத ஏற்கெனவே ஓட்டிட்டியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நேற்றுக் காலை டிஸ்க் பழுது பார்த்தபின் கோப்புகளை மறுபடி உண்டாக்க வேண்டியிருந்ததாம். அவசரத்தில் ஓட்டிவிட்டானாம்.

நேற்றுப் பகலில் பிலிப்ராஜ் மேலே இருந்தான்.

“நேத்து நீதான தட்டின? கூரை நின்னுச்சா?”

“நின்னுச்சிங்க அக்கா. அண்ணன் கை தூக்குனாரு, தட்டினேன், ஒடனே நின்னுச்சி.”

தட்டியது கூரைக்குப் போகவே இல்லை. இதோ, தசரதன் திரையில் கிடக்கிறது.

வேடியப்பனுக்கும் அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஞானமேரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண் நிறைந்துவிட்டது. சிலுவை போடப் போன கை பாதியில் நின்று, தானாகக் குவிந்தது.

“நல்லா இருங்க அண்ணா” என்றாள், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து.