கிழக்கு பார்த்த கல்

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் மாணவர்களைவிட மின்விசிறிகள் அதிகம். வகுப்பை மூடிவிட்டு, என்னைக் கமுந்திங் கிளைக்கு வாணிபக் கணிதம் நடத்த அனுப்பப்போவதாக முதல்வர் சொல்லியிருந்தார். அதைத் தடுக்க எனக்கிருந்த ஒரே ஆயுதம், பல்கலைக்கழக நண்பர் இரவல் தந்த கறுப்புப் படிகம். மிளகாய் விதைபோலத் தட்டையாக இருக்கும். கடுங்குளிரில் மின்சாரத்தைத் துளி இழப்பில்லாமல் ஓடவிடும் புதுவகைப் பொருள். முதல்வர் கண்ணெதிரே ஓட்டிக்காட்டினால் வகுப்பு பிழைக்கும் என்று நம்பினேன். நாற்பதுக்கு மேல் வரும் நம்பிக்கைகளை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் மாட்டாஸ்பத்திரியில் கிடைத்தது. அங்கே அது காளை விந்தைக் காத்துவந்தது. இங்கே என் பிழைப்பைக் காத்தால் போதும்.

ஒத்திகையில், இழப்பைக் காட்டும் மீட்டர் முள் சைபருக்கு இறங்கவே இல்லை. ரப்பர் தோட்டம் கைமாறியதும் டவுனுக்கு வந்த ஆய்வுக்கூட உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் பாத்து வெச்சீங்க சார்?"

"கல்லுக்கு ஏதுண்ணே மொகம்?"

"ஆயுத பூசைக்கு மண்ணு வெட்டுற மம்முட்டியவே கெழக்க பாத்துதான் வெப்போம். இது மட்டும் என்ன, ராஜாவா? பூசை இல்லாம ஸ்டார்ட் பண்ணா இப்பிடித்தான் லா."

இருந்த அலுப்பில் விட்டுவிட்டேன். அவர் கம்பிகளைப் பிரித்து, படிகத்தை நிமிர்த்திக் கிழக்கே திருப்பி, கைக்கு எட்டிய இடத்தில் மறுபடி ஒட்டினார். குளிரவைத்தோம். முள் சைபரில் போய்ப் படுத்தது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. அந்தப் படிகம் கூவே லாப்பிஸ் பலகாரம்போல் அடுக்கடுக்கானது. அடுக்குகளின் நெடுக்கில் தாராளமாக ஓடும் மின்சாரம், குறுக்கே போகச் சொன்னால் முரண்டு பிடிக்கும். நான் கம்பிகளை மேலும் கீழுமாக ஒட்டியிருந்தேன். அவர் நிமிர்த்தியதில் அவை பக்க விளிம்புகளுக்கு வந்துவிட்டன. பொறுமையாக விளக்கினேன்.

"அதத்தானே சார் நானும் சொன்னேன், தெச முக்கியம்னு."

மறுநாள் முதல்வர் வந்தார். முள் ஒழுங்காக இறங்கி நின்றது. குனிந்து பார்த்தார்.

"சைபர் காட்டுது?"

"அதான் சார் வெற்றி. கொஞ்சங்கூட இழப்பில்ல."

"ஒங்க கிளாஸ்ல புதுசா சேந்தவங்க கணக்கும் அதையேதான் காட்டுது," என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

நான் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கும்போது உதவியாளர் வந்து நின்றார்.

"கமுந்திங் எந்தப் பக்கம் சார்?"

"வடக்க."

"அப்ப வெளங்காது லா," என்றபடி பெட்டியின் மறுமுனையைத் தூக்கினார்.