ஏழாம் வகுப்போடு வாங்கிய டி.சி.

என் மகள் கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறாள். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. டாக்டராகியிருக்க வேண்டியவள். அதைக் கெடுத்தது நான்தான், வேறு யாருமில்லை.

குமராட்சிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அப்போது நான் ஆசிரியை. பின்னால் அங்கேயே தலைமையாசிரியை ஆனேன். மே மாதம் வந்தால் நோட்டீஸும் கையுமாகத் தெருத் தெருவாகப் பிள்ளை பிடிக்கப் போவோம். "பிரைவேட்ல அப்படி என்னத்தக் கிழிக்கிறாங்க? எங்ககிட்ட அனுப்புங்க" என்று தொண்டை வற்றப் பேசுவேன். என் மகளையும் அங்கேதான் ஆறாம் வகுப்பில் சேர்த்திருந்தேன்.

ஏழாவது முடிந்த கோடையில் எனக்குப் புத்தி பிசகியது. அண்ணாமலை நகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் டையும் ஷூவுமாக வேனில் ஏற, என் பெண் மட்டும் என்னோடு மினிபஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. என் கணவர் வேண்டாமென்றார். நான் கேட்கவில்லை. டி.சி. வாங்கி, சிதம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்த்தேன்.

"நீ நல்லாத்தானம்மா பாடம் நடத்துற? அப்புறம் ஏன் என்னை வேற ஸ்கூலுக்கு அனுப்புற?" என்று கேட்டாள்.

"சொன்னா கேளு" என்று அதட்டினேன்.

அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நியாயமான சட்டம், அப்படி ஒன்று வராதா என்று ஏங்கியவள் நான். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீட் எழுதினாள். பொதுக் கலந்தாய்வுக்கு அவள் மார்க் போதவில்லை. ஏழாவது வரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நடவுக்குப் போகும் ஓர் அம்மாவின் மகள், எங்கள் பள்ளியிலேயே படித்து முடித்திருந்தாள். என் மகளைவிட அவளுக்கு மார்க் குறைவு. ஒதுக்கீட்டில் நிச்சயம் இடம் உண்டு என்றார்கள்.

அதற்குப் பள்ளிச் சான்று வேண்டும். அந்தப் பெண் தயங்கித் தயங்கி என் அறைக்குள் வந்தாள். துணைக்கு வந்தது என் மகள். படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவள்தானாம். 'ஆறாம் வகுப்பு முதல்' என்ற வரி அவளுடைய குண்டுக் கையெழுத்தில் இருந்தது. எனக்கு எழுத்தெல்லாம் கலங்கியது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, பள்ளி சீல் குத்தி நீட்டினேன்.

என் மகள் அதை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சீல் சரியா விழலம்மா. அங்க திருப்பி அனுப்பிடப் போறாங்க. இன்னொரு வாட்டி நல்லா அழுத்திக் குத்து."

குத்தினேன்.