பிரிக் கேமும் ஜுனைதாவின் இத்தாவும்

2005ஆம் ஆண்டு தை மாதம், சுனாமிக்கு அடுத்த மாதம், மருதமுனை அகதி முகாமின் தகரக் கொட்டில்களில் ஐந்து பெண்கள் இத்தாவில் இருந்தார்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற நாட்கள் அவை. ஆறாவதாக இருந்திருக்க வேண்டியவள் ஜுனைதா. அவள் மறுத்துவிட்டாள்.

"அவர்ட மையித்த ஆரும் கண்டீங்களா?" என்று கேட்டாள்.

கல்முனைச் சந்தையில் மீன் விற்ற அவள் கணவன் அபூசாலியின் உடல் எங்கும் கிடைக்கவில்லை. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்திருந்த காலம் என்பதால் பாதைகள் திறந்திருந்தன. மட்டக்களப்பு, திருக்கோவில் என்று ஆஸ்பத்திரிப் பட்டியல்களைத் தேடிப் போய்ப் பார்த்தாள். அவர் பெயர் எதிலும் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்ப, இல்லாததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் கண்ணை மூடினால் கடல் எழும்பியது. அபூசாலி அவளைப் பக்கத்து மாடிவீட்டுப் படியில் ஏற்றிவிடுவார், திரும்புவார். அந்த இடத்தில் கண்ணைத் திறந்துவிடுவாள். அதற்கப்பால் ஒருநாளும் போனதில்லை. இரவுகளைத் தூங்காமல் உட்கார்ந்தே கழித்தாள்.

மாசியில் வந்த நிவாரணப் பொதி ஒன்றில், உடுப்புகளுக்கு அடியில் ஒரு பிரிக் கேம் கிடந்தது. கையடக்கமான சாம்பல்நிற விளையாட்டுப் பெட்டி. டோர்ச் லைட்டின் பற்றரியைக் கழற்றி அதில் போட்டாள். அதன் சின்னத் திரையில் மேலிருந்து கட்டைகள் விழுந்தன. திருப்பி, நகர்த்தி, இடைவெளியில் பொருத்த வேண்டும். வரிசை நிரம்பினால் மறையும், புள்ளி ஏறும்.

"நாப்பது வயசில ஒனக்கு வெளாட்டுச் சாமானா, கா?" என்று அவளுக்கு மூத்தவள், ராத்தா மைமூனா சிரித்தாள்.

கைக்கு ஒரு வேலை என்றுதான் தொடங்கினாள். ஒரு கிழமைக்குள் கண்ணை மூடியபோது தண்ணீருக்குப் பதிலாகக் கட்டைகள் விழுந்தன. அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்தவள் பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டுத்தான் எழும்பினாள். மைமூனா பக்கத்தில் உட்கார்ந்து, எழுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நடமாடக்கூடிய கைம்பெண் அவள் ஒருத்திதான். எனவே அந்தப் பெட்டியைக் கொட்டில் கொட்டிலாகக் கொண்டுபோனாள். இத்தாவில் இருந்தவர்கள் ஆளுக்கு அரை மணித்தியாலம் விளையாடினார்கள். மகனையும் கணவனையும் ஒன்றாகப் பறிகொடுத்து இரண்டு மாதமாக வாய் திறக்காத ஒருத்தி, பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது முதன்முதலாகப் பேசினாள்.

"மத்தக் கொட்டில்காரி எத்தின எடுத்தா?"

"ஆயிரத்தி எண்ணூறு."

"பொய்க்காரி," என்றாள் அவள்.

அந்தச் செய்தியை ஜுனைதா கொண்டுபோய்ச் சேர்த்தாள். பதிலையும் கொண்டுவந்தாள். அந்த மாதங்களில் ஐந்து திரைச்சீலைகளுக்கு இடையில் நடந்த சண்டை, சமாதானம் எல்லாம் அவள் வழியாகவே நடந்தன.

வைகாசி மாதத்தில் ஒரு பகல், கட்டைகள் சீராக விழுந்துகொண்டிருந்தன. பெட்டியை மடியில் வைத்துவிட்டு, அவளாகவே கண்ணை மூடி, கடல் வரட்டும் என்று இருந்தாள். வந்தது. அபூசாலி படியில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். இந்தத் தடவை கண்ணைத் திறக்கவில்லை.

அவர் திரும்பியது, அவள் கத்தியதால். "உறுதிய எடுங்க!" என்று கத்தியிருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. உம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, அவள் பெயரில் இருந்த உறுதிப் பத்திரம். அவர் அதை எடுக்க உள்ளே போனார்.

மைமூனாவிடம் போய்ச் சொன்னாள். "நான்தான் போகச் சொன்னன், ராத்தா. தண்ணி கூரைக்கு மேலால போனதையும் கண்டன். அவர் வெளிய வரல்ல."

மைமூனா தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு வெள்ளைச் சீலை வாங்க ஆளனுப்பினாள்.

இத்தாவை எப்போது தொடங்குவது என்று பள்ளிவாசல் மசூர் மௌலவியிடம் கேட்டார்கள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இத்தாவுக்குக் கணவன் மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு, இறப்பை அறிந்த நாளிலிருந்து அல்ல என்றார்.

"ஒங்களுக்கு அது முடிஞ்சி பத்து நாளாச்சு, தங்கச்சி. இனி இருக்கத் தேவல்ல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். தெரியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை என்றும் சொன்னார். ஜுனைதா குற்றத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அபூசாலிக்கென்று இருந்த நாட்கள் முழுவதும் பூப்போட்ட சீலை உடுத்துத் திரிந்திருக்கிறாள். மற்ற ஐந்து பேரும் இருந்து முடித்து இப்போது சந்தைக்குப் போய் வருகிறார்கள். அவளுக்கு மட்டும் ஒரு நாள்கூட இல்லை.

"அப்ப நான் சும்மா வீட்டுல இருக்கலாமா?" என்று கேட்டாள்.

அதற்குத் தடையில்லை என்றார் மௌலவி. இத்தா என்று மட்டும் நினைக்கக் கூடாது.

வெள்ளைச் சீலையை மடித்து வைத்தாள். அன்றாடம் உடுத்துகிற சீலையோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வரவில்லை. அபூசாலி வீட்டுக்குள் நுழையுமுன் மீன்வாடை போகத் தேசிக்காய்த் தோலால் கை தேய்ப்பதை, சோற்றில் முதல் பிடியை அவளுக்கு நீட்டுவதை, ஒவ்வொன்றாக நினைத்தாள். அவ்வளவு நாளும் கடல் இரைகிற பக்கமாகவே முகத்தை வைத்திருந்தாள்.