காயப் படிவம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் துறைமுகக் கிடங்கில் மூட்டை சுமக்கும் மீராசாகிபுவுக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தொழிலாளர் கோப்புகளைப் பார்க்கும் ஆளணிக் கிளாக்கர் என்ற முறையில் போய்ப் பார்ப்பது என் கடமை. கடமை என்று நினைத்துக்கொண்டால் நடை இலேசாகிவிடும் அல்லவா?

ஆகவில்லை.

மீராசாகிபு மூதூர்க்காரர். தினமும் காலை லாஞ்சியில் குடாவைக் கடந்து வேலைக்கு வருபவர். நாலு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. கிடங்கில் கிடந்த பழைய பலகையில் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த ஆணி அவர் காலில் ஏறியிருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, அன்றைக்கும் மறுநாளும் மூட்டை சுமந்திருக்கிறார். நாலாம் நாள் காய்ச்சலில் லாஞ்சியிலேயே சரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

முதலுதவிப் பெட்டி என் கந்தோர் அறையில்தானே இருக்கிறது, ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"வந்தா நீங்க ஃபோம் நிரப்பச் சொல்லுவீங்க, சேர். அதுல கவலையீனமா எண்டு கேட்டிருக்காம். என்ன சொன்னாலும் ஃபைலுக்குத்தானே போகும். நிரந்தரமாக்குற நேரம் அந்த ஃபைலைத்தானே பாப்பீங்க?"

அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். ஆங்கிலத்தில், காயம்பட்டவரின் அலட்சியம் காரணமா என்பது உட்படப் பன்னிரண்டு கேள்விகள். ஒரு துளி அயடின் வேண்டுமென்றாலும் கங்காணியின் கையெழுத்தோடு வரவேண்டும். வருடக் கடைசியில் பார்த்தால் பஞ்சு கூடப் பிரிக்கப்படவில்லை. 'விபத்து எதுவும் இல்லை' என்று அறிக்கை எழுதினேன். மனேஜர் பாராட்டினார். நானும் அதை நம்பினேன் — வெட்கம் அதுதான்.

நான் எழும்பும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"இதையும் எழுதிப் போட்டீங்களா, சேர்?"

விரல்களை இழந்து படுத்திருக்கும் மனிதர் கேட்ட கேள்வி இது.

"இன்னும் இல்லை. எழுதத்தான் வேணும். ஆணியோட பலகையை நடைபாதையில போட்டு வைச்சது எங்கட பிழை எண்டு எழுதுவன்."

தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. நம்ப நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன்?

அன்று பின்னேரமே அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் பெட்டியைக் கிடங்குக்குள் கொண்டுபோய் வைத்தேன், பூட்டில்லாமல். படிவத்தை நிறுத்திவிட்டு ஒரு கொப்பி வைத்தேன். பெயர், காயம், என்ன மருந்து — அவ்வளவுதான். ஆணி குத்தினால் அன்றைக்கே டெட்டனஸ் வராமல் தடுக்கும் ஏற்பு ஊசிக்கு அனுப்பவேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.

சரி, காயத்தைக் கட்டத் தெரிந்தவர் யார்? கோப்புகளைப் புரட்டினேன். வின்ச் ஓட்டும் அந்தோனியின் கோப்பில் முதலுதவிச் சான்றிதழ் ஒன்று இருந்தது. ஆறு வருடமாக என் அலுமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது! ஏன் சொல்லவில்லை என்று அந்தோனியிடம் கேட்டேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லையே, சேர்."

அவர் சொன்னதில் கோபம் கூட இல்லை.

கந்தோரில் இருக்கிற நாங்கள் பஞ்சு வாங்குகிறோம், பண்டேஜ் வாங்குகிறோம்... பயப்படாமல் வந்து கேட்கலாம் என்ற நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது? முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாவது வாரம் அந்தோனியே தன் கீறலைக் கொப்பியில் எழுதி, எல்லோரும் பார்க்க மருந்து போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பழைய காயங்களோடும் வந்தார்கள். ஒருவருடைய கையில் இரும்புத் துகள் ஏறி ஒரு மாதமாம்.

மீராசாகிபு இப்போது வீட்டில் தடி ஊன்றி நடக்கிறாராம். மூட்டை இனி ஏலாது. வாசலில் இருந்து பதிவு பார்க்கும் வேலையை நிரந்தரமாகக் கொடுக்கும்படி தலைமைக் கந்தோருக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. நாலாவது கடிதம் மேசையில் இருக்கிறது.

நேற்று மனேஜர் கூப்பிட்டார். கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டதாக்கும் என்று போனேன். அவர் முன்னால் கொப்பி கிடந்தது. ஒரு மாதத்துக்குள் இவ்வளவு விபத்தா, நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"விபத்து கூடேல்லை, சேர். இப்பதான் சொல்லத் தொடங்கியிருக்கினம்."

அதை அறிக்கையாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் — மூன்று பிரதிகளில்.