நான் ஊறவைத்த புண்ணாக்கு

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மகள் கவிதா மூன்று வாத்துகள் வளர்த்தாள். இரண்டு வெள்ளை நிற பெக்கின் இன வாத்துகள், ஒன்று பழுப்பு நிற ஆரணி வாத்து. மழையில் நனைந்து பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கை வீணாக்க மனமில்லாமல் நான்தான் ஊறவைத்து நாலைந்து நாள் அவற்றுக்குப் போட்டேன். வெள்ளை வாத்துகள் இரண்டும் கழுத்து பின்னால் வளைந்து செத்துப்போயின.

"தண்ணி ஒழுங்கா மாத்துனியாடி?" என்று அவளைத்தான் திட்டினேன்.

"டெய்லி மாத்துறேம்மா" என்று அழுதாள்.

மிஞ்சிய வாத்தைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பூசணம் புடிச்ச புண்ணாக்கு வாத்துக்கு விஷங்க" என்றார். குறைவாகத் தின்றிருந்ததால் அது பிழைத்தது.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "புண்ணாக்கு நாத்தம் அடிச்சுதும்மா. சொன்னா திட்டுவியேன்னு சொல்லல" என்றாள்.

இப்போது தீனி மூட்டையைப் பிரித்ததும் அவளைத்தான் முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். அவள் வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் குப்பையில் கொட்டிவிடுகிறேன்.