இருபத்தைந்து ராத்தல்

பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெர்னன் ஹாஸ்டட் சமையலறை மேடையில் வைத்து ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். பாதிக் கைப்பிடி போனதும் மிச்சத்தைத் தராசில் வைத்தான். கால் அவுன்ஸ் குறைந்திருந்தது. பெருமை தாங்காமல் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

“பல்லையும் கழட்டி வச்சுட்டுப் போயேன். இன்னும் ரெண்டு அவுன்ஸ் தேறும்” என்றாள் நடீன்.

வெர்னனுக்கு அறுபத்து நான்கு வயது. ஐடஹோவில், லெம்ஹை மலையடிவாரத்துச் சாலைகளில் முப்பத்தொரு வருடம் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒவ்வோர் அக்டோபரிலும் ஐந்து நாள் தனியாக மலைக்குள் போய் எல்க் மான் வேட்டையாடி, குளிர்காலம் முழுவதுக்குமான இறைச்சியைக் கொண்டுவந்து வீட்டில் நிறைப்பான். அவனிடம் வேறு கெட்ட பழக்கம் எதையும் நான் பார்த்ததில்லை. இதுவும் கெட்ட பழக்கம்தான் என்று நடீன் சொல்வாள்.

அந்த வருடம் மார்ச்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் என்கிற சல்லடைக் குழல் வைத்தார்கள். அவன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி வேட்டையைப் பற்றியது. டாக்டரம்மா சின்னப் பெண். யோசித்துப் பார்த்து, “நடக்கலாம், நல்லதுதான். ஆனா முதுகுல இருபத்தஞ்சு ராத்தலுக்கு மேல ஏத்தக் கூடாது” என்றாள். பக்கத்தில் நின்ற நடீன் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“இருபத்தஞ்சு. இந்த ஒரு வருஷம் மட்டும். மான் விழுந்தாலும் சரி, விழாட்டியும் சரி, அடுத்த வருஷம் இந்தப் பேச்சே இந்த வீட்டுல கிடையாது. சரியா?”

“சரி” என்றான் வெர்னன். அந்த நிலையில் அவன் எதற்கும் சரி சொல்லியிருப்பான். வீட்டுக்கு வந்த பிறகுதான், இதுவே தன் கடைசி வேட்டை என்பது அவனுக்கு உறைத்தது.

அவனுடைய பழைய மூட்டை நாற்பத்தெட்டு ராத்தல். கோடை முழுவதும் அதை இளைக்க வைப்பதே வேலையாகிப் போனது. கூடாரம் போய்த் தாள் மாதிரி மெல்லிய ஒரு விரிப்பு வந்தது. நடக்கும்போது ஊன்றும் கோலே அதற்குக் கம்பம். கம்பளிகள் போய் வாத்து இறகு அடைத்த படுக்கைப் பை வந்தது, அமுக்கினால் ரொட்டி அளவுக்குச் சுருங்கும். அடுப்பை சோடா டப்பாவை வெட்டித் தானே செய்தான். சட்டைகளில் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் துணிச் சீட்டுகளைக் கத்தரித்தான். வரைபடத்தில் தான் போகாத பள்ளத்தாக்குகளையெல்லாம் வெட்டி எறிந்தான். இறைச்சி கட்டும் மெல்லிய துணிப் பைகளையும் கயிற்றையும் மட்டும் குறைக்கவில்லை. ஒரு காட்டு உயிரைக் கொன்றால் அதன் இறைச்சியை வீணாக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வெர்னனுக்கு அது சட்டத்துக்கும் மேல்.

இறைச்சி இருநூறு ராத்தல் வருமே, அதை யார் சுமப்பது? பக்கத்துப் பண்ணை கோர்டி மூன்று கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அதற்காகவே நடீன் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வாங்கித் தந்திருந்தாள். செயற்கைக்கோள் வழியாகச் சேதி போகும். அதில் மூன்று பொத்தான். முதல் பொத்தானை அழுத்தினால், “நான் நலம்” என்று அவன் இருக்கும் இடத்தோடு நடீனின் போனுக்கு வரும். இரண்டாவது, மான் விழுந்தது, கழுதைகளை அனுப்பு. மூன்றாவது, உயிருக்கு ஆபத்து. இங்கிருந்து அங்கே போகும்; அங்கிருந்து இங்கே ஒன்றும் வராது. வெர்னனுக்கு அது பிடித்திருந்தது. எடை மட்டும்தான் பிடிக்கவில்லை, நாலு அவுன்ஸ்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், பாக்கெட்டில் இருப்பதையும் சேர்த்து, மூட்டை இருபத்தைந்தே கால் ராத்தலில் வந்து நின்றது. வெர்னன் தன் உடம்பையே தடவிப் பார்த்தான். பின் பாக்கெட்டில் பழைய தோல் பர்ஸ். தராசில் போட்டால் எட்டு அவுன்ஸ்! மளிகைக்கடைச் சீட்டுகள், செத்துப்போன நாயின் படம், ஓட்டுநர் உரிமம், இன்னும் என்னென்னவோ. மலையில் பர்ஸ் எதற்கு? சிரித்துக்கொண்டே அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தான். சில்லறைச் சாமான் ஒன்றிரண்டையும் கழித்ததும் இருபத்து நாலரை.

“இருபத்து நாலரை!” என்று கூவினான்.

நடீன் தராசையும் பார்த்தாள், சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியையும் பார்த்தாள்.

இந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லோருமே எடை விஷயத்தில் பொய்யர்கள். துப்பாக்கி கையில் இருப்பது, அது சேராது. தூரநோக்கி கழுத்தில் தொங்குவது, அதுவும் சேராது. தண்ணீர் குடித்தால் தீர்ந்துபோகும், அதை எப்படிச் சேர்ப்பது? இப்படித்தான் அவர்கள் கணக்குப் பேசுவார்கள். வெர்னன் மற்ற விஷயங்களில் யோக்கியன்.

புதன்கிழமை காலை அவன் மலையேறினான். உடம்பு பறந்தது. நாற்பத்தெட்டு ராத்தல் காலத்தில் ஐந்து இடத்தில் நின்று இளைப்பாறியவன் இப்போது இரண்டே இடத்தில் நின்றான். ஏன் இதை இருபது வருடத்துக்கு முன்பே செய்யாமல் போனோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். மாலையில் முதல் பொத்தானை அழுத்தினான். வியாழனும் அப்படியே போனது. குளம்புத் தடம் கண்டான், மானைக் காணவில்லை.

வெள்ளி காலை ஏழரை மணிக்கு, மலை முகட்டுக்குக் கீழே மஞ்சள் புல் கிடந்த ஒரு பள்ளத்தில், அது தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக்கு ஆறு கிளை விரிந்த கொம்பு. இருநூறு கஜம். காற்று அவன் முகத்துக்கு எதிராக வீசியது. வெர்னன் தரையில் உட்கார்ந்து, மூட்டையை முன்னால் வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாத்தி, தோட்டாவை ஏற்றினான். மூச்சு சீராக இருந்தது. நெஞ்சு அமைதியாக அடித்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல குறி அவனுக்கு அமைந்ததில்லை.

ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. உட்கார்ந்த இடம் மிகவும் சுகமாக இருந்தது. நாற்பது வருடமாக இப்படி உட்காரும்போதெல்லாம் வலது பக்கம் ஒன்று அழுத்தும். பர்ஸ். இன்று அழுத்தவில்லை.

பர்ஸுக்குள், மடித்து, அந்த வருடத்து டேக்.

டேக் என்பது ஒரு துண்டுச் சீட்டு. ஓர் ஆளுக்கு ஒரு மான் என்று அரசாங்கம் கொடுப்பது. மான் விழுந்த உடனே, அந்த இடத்திலேயே, மாதத்தையும் தேதியையும் வெட்டி உடலில் கட்ட வேண்டும். அது இல்லாமல் சுட்டால் அதற்குப் பெயர் திருட்டு. வெர்னன் ரம்பத்தால் அறுத்த பிரஷ்ஷின் தூளை விட அந்தச் சீட்டின் எடை அதிகம் இருக்காது.

சுற்றிலும் ஆறு மைலுக்கு மனித வாடை இல்லை. சீட்டு அவனுடையதுதான், நியாயமாக வாங்கியதுதான். என்ன, குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கிறது. சுட்டுவிட்டு இரண்டாவது பொத்தானை அழுத்தினால் கோர்டி வருவான். பிறகு வீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? விரல் விசையின் மேல்தான் இருந்தது.

யாருக்குத் தெரியும் என்ற வார்த்தைதான் அவனை நிறுத்தியது. பனி மூடிய கணவாயில் தடுப்பு போட்டு வைத்தால், யாருக்குத் தெரியும் என்று அதைத் தள்ளிவிட்டுக் காரில் போகும் ஆட்களைப் பள்ளத்திலிருந்து இழுத்தெடுத்தவன் அவன். அந்தச் சாதியைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மான் நிதானமாக மேய்ந்து, தலையை உயர்த்தி, கரும்பச்சை மரங்களுக்குள் நுழைந்து மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தான். அழுகை வந்தது, அழுதான். கடைசி மான் அப்படிப் போனால் யாருக்கும் வரும்.

பிற்பகல் மூன்று மணிக்கு மலைப்பாதை முடியும் இடத்துக்கு இறங்கி வந்தபோது, அவனுடைய வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் நடீன் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். அருகே அவன் தூக்கிப் போட்ட பழைய கித்தான் மூட்டை. அதன் பக்கத்தில் குளியலறையில் ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் தராசு.

“சுட்டியா?” என்றாள் எடுத்த எடுப்பில். முகம் வெளுத்திருந்தது.

“இல்ல. நின்னுச்சு நடீன். ஆறு கிளை. குறி பாத்துட்டேன். அப்பறம்தான்…”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். “நேத்துக் காலைல மருந்துக்கடை கார்டு எடுக்கலாம்னு உன் பர்ஸைத் திறந்தேன். டேக் உள்ள இருந்துச்சு.” பூட்ஸ் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு, “சந்தோஷப்பட்டேன், வெர்ன். பொய் சொல்ல மாட்டேன். வெறுங்கையோட வருவான், இதோட இந்தப் பைத்தியம் தெளியும்னு நெனச்சேன். சாயங்காலம் ‘நான் நலம்’னு வந்துச்சு பாரு, அப்பத்தான் என் மேலயே எனக்கு வெறுப்பா வந்துச்சு. காலைல பள்ளிக்கூடச் சமையலுக்கு லீவு சொல்லிட்டு கோர்டி வண்டில வந்து எறங்கிட்டேன்.”

“எங்கன்னு தேடியிருப்ப?”

“அதான் பொட்டி சொல்லுதே எந்த இடம்னு. அங்கயே வரப் பாத்தேன்.”

பிறகு தராசைக் காலால் தள்ளினாள். “ஏறு. மூட்டை, துப்பாக்கி, தண்ணி, கழுத்துல தொங்குறது, எல்லாத்தோடயும் ஏறு.”

வெர்னனுக்கு அன்றைக்கு இரண்டாவது தடவையாக முகம் தொங்கிப் போனது. ஏறினான். எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு இன்னொரு தடவை ஏறினான். மூன்று நாள் சாப்பாடு தீர்ந்த பிறகும் வித்தியாசம் முப்பத்து மூன்று.

“கையில இருக்குறது கணக்குல வராது…” என்று இழுத்தான்.

“உன் நெஞ்சுகிட்ட போய்ச் சொல்லு. பள்ளிக்கூடத்துச் சமையக்காரிக்குக் கூட்டத் தெரியாதுன்னு நெனச்சியா? அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“உன் மூஞ்சில இருந்த சந்தோஷத்தைப் பாத்தேன். வாய் வரல.”

அவள் அவன் மூட்டையைத் திறந்து சாப்பாட்டையும் தண்ணீரையும் விரிப்பையும் எடுத்துக் கித்தான் மூட்டைக்குள் திணித்தாள். உள்ளே ஏற்கெனவே இரண்டு கம்பளி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்புப் பன்றிக்கறி, அதற்கும் கீழே இரும்பு வாணலி.

“வாணலியா!” வெர்னனின் குரல் கிறீச்சிட்டது. “அது அஞ்சு ராத்தல்!”

“என் முதுகு. நீ மலையை ஏறு” என்றாள். தினமும் ஐம்பது ராத்தல் மாவு மூட்டையைத் தூக்குகிறவள். அவள் முதுகில் எத்தனை என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. டேக்கை அவன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். ஞாயிறு மாலையோடு பருவம் முடிகிறது. இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இரண்டு மைல் மேலே, ஓடை வளைவில் தங்கினார்கள். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவள் அங்கே வந்ததில்லை. அவன் கூப்பிட்டதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. வாணலியில் கிழங்கும் வெங்காயமும் வதங்கும் வாசனை வந்தபோது, மூன்று நாளாகக் காய்ந்த பொட்டல உணவில் வெந்நீர் ஊற்றித் தின்ற வெர்னன் வாணலியைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை எடுத்து முதல் பொத்தானை அழுத்தினான்.

“யாருக்கு அமுக்குற? நான் இங்கதான உக்காந்திருக்கேன்.”

“பழக்கம்” என்றான். சனிக்கிழமையும் அழுத்தினான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடியற்காலையில் துப்பாக்கியும் தண்ணீருமாக மேலே போனான். அந்த மான் வரவில்லை, வேறு மானும் வரவில்லை. ஞாயிறு பிற்பகல் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெர்னன் வண்டியை ஓட்டினான். நடீன் காலைத் தூக்கி முன்பலகையின் மேல் போட்டுக்கொண்டாள். குதிகால் இரண்டும் கொப்புளித்திருந்தது.

“ஒத்துக்கிட்டபடி இதோட முடிஞ்சுது” என்றான் வெர்னன், சாலையைப் பார்த்தபடி. “இனி நான் கேக்க மாட்டேன்.”

மண் பாதை முடிந்து தார்ச்சாலை ஏறியதும் சிக்னல் கிடைத்து அவள் பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வெள்ளி மாலை ஆறு பத்து: நான் நலம். சனி மாலை ஆறு ஐந்து: நான் நலம். இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தாள். ஊருக்குள் நுழையும் பாலம் வரும் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“வெர்ன்.”

“ம்.”

“அடுத்த வருஷம் அந்தப் பொட்டி எதுக்கு? விட்டுட்டுப் போவோம். நாலு அவுன்ஸ் மிச்சம்.”